வெர்னாவின் இடது கை

பரோலி, செயின்ட் வின்சென்ட்
பிப்ரவரி 6

தேர்வுக்குழு உறுப்பினர் மிஸ் இஸ்மே புரூம்ஸ் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்தால்தான் உட்கார்ந்து படிப்பாய். பழையபடி "அடி இஸ்மே" என்று எழுதினால் சிரித்துக்கொண்டே பீரோ மேல் வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியாதா? உன் கூட எத்தனை ஊரில் ஒரே அறையில் படுத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் ரேடியோவில் உன் குரல் வந்தது. என் ரொட்டிக் கடையில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். "வெர்னா குவாஷி வேகமா போடுவா, இல்லைன்னு சொல்லல. ஆனா பந்து எங்க போகும்னு அவளுக்கே தெரியாது. டெஸ்ட் மேட்ச் என்ன குலுக்கல் சீட்டா?" என்றாய். அறிவிப்பாளன் சிரித்தான். நீயும் சிரித்தாய். அது ரொம்ப நன்றாகக் கேட்டது. வெர்னா அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். ரொட்டி வாங்காமலே போய்விட்டாள்.

அவள் யாரென்று உனக்குத் தெரியுமா? கூவைக்கிழங்கு ஆலையில் ஈரக்கிழங்குக் கூடை சுமக்கிறவள். அந்தத் தோள் பலம்தான் பந்தில் இறங்குகிறது. எங்கள் ஊர் மைதானத்தில் ஒரே ஒரு ஸ்டம்பை நட்டுவிட்டு வீசச் சொன்னால் ஆறு பந்தில் ஐந்து அதில் படும். ஆறாவது அதை உரசிக்கொண்டு போகும். கீப்பர் நான். என் உள்ளங்கையைக் கேள், சொல்லும்.

அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு சித்தி இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். ஏப்ரலில் கப்பல். இங்கிலாந்துக்காரிகள் வந்து நம் எல்லாத் தீவுக்கும் பொதுவான அணியோடு ஆடப்போகும் இந்த டெஸ்டில் இடம் கிடைத்தால் வெர்னா இருப்பாள், கிடைக்காவிட்டால் போய்விடுவாள். போன பெண்கள் யார் திரும்பி வந்து பந்து போட்டிருக்கிறார்கள், சொல்.

சின்னத் தீவுக்காரி என்றால் உங்களுக்கெல்லாம் இளக்காரம். பார்படோஸில் பிறந்திருந்தால் இதே பெண்ணை "கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு, பழக்கிக்கொள்ளலாம்" என்றிருப்பாய். இனி உன் தீவில் நான் கால் வைப்பதாக இல்லை.

யூலலி ஒலிவியர்


பிரிட்ஜ்டவுன், பார்படோஸ்
பிப்ரவரி 15

யூலலி,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து நின்று இன்னொரு முறை படித்தேன். நின்றாலும் உன் கோபம் குறைவாகத் தெரியவில்லை.

வெர்னா அந்த வரிசையில் நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. சிரித்தது தப்புதான், அதற்கு அவளிடம் வருத்தம் சொல். சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. அது உண்மை.

சின்னத் தீவு பெரிய தீவு என்று என்னிடம் பேசாதே. போன வருஷம் தீவுகளுக்கு இடையேயான ஆட்டங்களில் உன் வெர்னாவை நான் ஒரு பந்து விடாமல் பார்த்தேன். முதல் பந்து லெக் பக்கம், உன் கைக்கு எட்டாமல் எல்லைக்கோட்டுக்குப் போயிற்று. இரண்டாவது ஆஃப் பக்கம், முதல் ஸ்லிப்பில் நின்றவள் அதைக் குனிந்து தப்பித்தாள். மூன்றாவது உன் தலைக்கு மேல் போய், மெதடிஸ்ட் சர்ச் பெண்கள் வைத்திருந்த தேநீர் மேசையில் விழுந்து பீங்கான் கெட்டிலை உடைத்தது. அந்தக் கெட்டில் சர்ச் ஆரம்பித்த நாளிலிருந்து இருந்ததாம். இப்போதும் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாக்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள், ஏதோ நான்தான் வீசியதுபோல.

பயிற்சியில் ஸ்டம்பைப் பெயர்க்கும் பெண்கள் ஒவ்வொரு தீவிலும் இருக்கிறார்கள், யூலலி. ஆட்டத்தில் மனசு நடுங்கிப்போகும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? டெஸ்டில் ஆடுவது பதினொரு பேர். ஒருத்திக்கு நான் தரும் இடம் இன்னொருத்தியிடமிருந்து பிடுங்குவது.

அவள் நன்றாகப் போடுகிறாள் என்று எழுதாதே, நம்புகிறேன். பரோலியில் ஸ்டம்பில் விழும் பந்து இங்கே ஏன் தேநீர் மேசையில் விழுகிறது? அதைக் கண்டுபிடித்து எழுது. மார்ச் 18 இங்கே தேர்வு ஆட்டம். ஒரு இடத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். பதில் வந்தால் அந்த இடம் அவளுக்கு.

"அவர்களுக்கு" என்று போட்டாயே, அது உறுத்தியது. நீ நினைத்த அளவுக்கே உறுத்தியது.

இஸ்மே


பரோலி
பிப்ரவரி 24

இஸ்மே,

உறுத்தட்டும் என்றுதான் போட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் தேடி ஊரையே கலக்கிவிட்டேன்.

முதலில் கண் என்று நினைத்தேன். கிளினிக் நர்ஸிடம் கூட்டிப்போய் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, கீழே அச்சகத்தின் பெயர் இருக்கிறது, அதையும் படிக்கட்டுமா என்று கேட்டாள். சரி, புதுப் பந்தின் வழவழப்பாக இருக்கும் என்று பத்திரமாக வைத்திருந்த ஒரு புதுப் பந்தை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டம்ப் இரண்டாக உடைந்தது. என் புருஷன் இன்னும் அந்த ஸ்டம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் கூட்டத்துக்குப் பயப்படுகிறாளோ என்று சந்தேகம் வந்தது. மீன்பிடிக்காரர்கள், ஆலைப் பெண்கள், ரம் கடையில் பகலிலேயே உட்கார்ந்திருக்கும் நான்கு உதவாக்கரைகள், எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி நிறுத்தி, "வாய்க்கு வந்தபடி கத்துங்க" என்றேன். கத்தினார்கள். அந்த உதவாக்கரைகள் கத்தியதை இங்கே எழுத முடியாது. வெர்னா அண்ணனுடைய பழைய கால்சட்டையை முழங்காலோடு வெட்டிப் போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டிச் சிரித்தபடி ஓடி வந்து, ஆறும் ஸ்டம்பில் போட்டாள். கூட்டமும் காரணமில்லை.

போன சனிக்கிழமை லாயூ ஊர்ப் பெண்களோடு ஒரு ஆட்டம் வைத்தேன். முறைப்படி வெள்ளை உடுப்பு, அம்பயர், எல்லாம். முதல் ஓவர் முடிய அரை மணி நேரம் ஆனது. அத்தனை வைடு. ஒரு பந்து கடலில் போய் விழுந்தது. அம்பயர் பாவம், கையை விரித்து விரித்து அப்படியே பறந்துவிடுவார் போலிருந்தார். அதே மைதானம், அதே பெண், நேற்று சிரித்தவள் இன்று முகம் செத்துப்போய் நிற்கிறாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"மேட்ச்னா வேற, அக்கா."

"என்ன வேற?"

"வேறதான்."

அவ்வளவுதான். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். பந்து விடுகிற கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணிக்கட்டு சரி, விரல் சரி, தோள் சரி. பின்னே பந்து ஏன் இப்படிப் போகிறது? எனக்குப் புரியவில்லை, இஸ்மே. கடைசியில் உன்னிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது. சந்தோஷமா?

யூலலி


பிரிட்ஜ்டவுன்
மார்ச் 2

யூலலி,

சந்தோஷம்தான். மறைப்பானேன்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி படித்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். "பந்து விடுகிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." கீப்பர்கள் அப்படித்தான். பந்து வரும் இடத்தை மட்டும் பார்ப்பீர்கள். நான் இத்தனை வருஷம் முதலாவதாக இறங்கி ஆடினவள். ஓடி வருகிறவளின் முழு உடம்பையும் பார்த்துப் பார்த்துத்தான் பிழைத்தேன். எனக்கு முக்கியம் மற்றக் கை. அது எந்தப் பக்கம் நீட்டிக் கிழிக்கிறதோ அந்தப் பக்கம்தான் உடம்பு வரும், உடம்பு வரும் பக்கம்தான் பந்து வரும். அது உயராவிட்டால் சுக்கான் இல்லாத படகுதான்.

கண்ணை மூடிக்கொண்டு வெர்னா போன வருஷம் ஓடி வந்ததை நினைத்துப் பார்த்தேன். வலது கை நினைவுக்கு வருகிறது. இடது கை எங்கே போயிற்று? எனக்கு அது மேலே போனதாகவே நினைவில்லை. இடுப்புக்குக் கீழே எங்கேயோ நிற்கிறது, எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல.

அடுத்த ஆட்டத்தில் நீ கீப்பிங் செய்யாதே. வேறு யாரையாவது நிறுத்திவிட்டு ஓரமாக நின்று அந்த இடது கையை மட்டும் பார். பந்து எங்கே போனாலும் திரும்பாதே. உனக்குக் கஷ்டம்தான், தெரியும்.

உன் ஊரில் சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் தின்று ரொம்ப நாளாயிற்று. இங்கே கிடைக்கும் ஈரப்பலா வைக்கோல்போல இருக்கிறது. இதை எழுத வேண்டிய அவசியமில்லை, எழுதத் தோன்றியது.

இஸ்மே


பரோலி
மார்ச் 8

அடி இஸ்மே,

உட்கார். நன்றாகச் சாய்ந்து உட்கார்.

பார்த்தேன். ஓடத் தொடங்கும்போது இரண்டு கையும் ஒழுங்காக வீசுகிறது. கடைசி நான்கு தப்படியில் இடது கை கீழே இறங்குகிறது. இறங்கி, பாவாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிடி விடாமல் பந்தை வீசுகிறாள்!

பிறகு ரொட்டி அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். இந்த முறை அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் முறையாக உங்கள் பிரிட்ஜ்டவுனில் ஆடினாளே, அன்று கடல்காற்று. வேகமாக ஓடி வந்து குதிக்கும்போது பாவாடை தூக்கிவிட்டது. சுற்றுச்சுவர் மேல் ஒரு கும்பல் ஆம்பிளைகள் உட்கார்ந்திருப்பார்களே, உனக்குத் தெரியும் அந்தச் சுவர். அவர்கள் "கொடி ஏறுது! கொடி ஏறுது! எல்லாரும் எழுந்து நில்லுங்கடா!" என்று கத்தியிருக்கிறார்கள். எழுந்து நின்று சல்யூட் அடித்திருக்கிறார்கள். அடுத்த பந்துக்கும், அதற்கு அடுத்ததுக்கும். நான் ஸ்டம்புக்குப் பின்னால்தான் நின்றேன், இஸ்மே. ஏதோ குடிகாரச் சத்தம் என்று விட்டுவிட்டேன். ஊருக்குத் திரும்பும் கப்பலில்கூட ஒருவன் அவளைக் "கொடி" என்று கூப்பிட்டானாம்.

அன்று கீழே இறங்கிய கை இன்னும் ஏறவில்லை. எங்கள் ஊரில் மலை மறைத்துக் காற்றே இல்லாத இடத்திலும் பாவாடை கட்டினால் கை தானாகப் போகிறது. அண்ணன் கால்சட்டையில் போவதில்லை. "எனக்கே தெரியாம போகுதுக்கா" என்கிறாள். மனசு நடுங்குகிறது என்றாயே, நடுக்கமெல்லாம் இல்லை. மானம்.

சரி. இப்போது நான் கேட்கிறேன். ஆட்டத்தில் பெண்கள் எல்லோரும் மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடை, முழங்காலுக்கு மேல் நான்கு விரற்கடை, அதற்கு மேலே கீழே கூடாது என்று ஒரு விதி இருக்கிறதே. அதை எழுதிய மகராசி யார்? எனக்கு மறந்துவிட்டது, நீ ஞாபகப்படுத்து.

கால்சட்டை போட அனுமதி வாங்கிக் கொடு. கொடுத்துவிட்டு அப்புறம் சொல், அவளுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று.

யூலலி


பிரிட்ஜ்டவுன்
மார்ச் 11

யூலலி,

நான்தான் எழுதினேன். ஒளிந்துகொள்ளப் போவதில்லை.

ஆனால் ஏன் எழுதினேன் என்பதை நீ மறந்துவிட்டதுபோல நடிக்காதே. நாம் ஆரம்பித்த வருஷம் ஒரு அணிக்குப் பதினொரு பெண்கள் தேறவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "பொம்பளப் புள்ளைங்க கால்சட்டை மாட்டிக்கிட்டு ஆம்பிளைங்க மாதிரி திரியறதா?" என்று உன் அப்பா கேட்டபோது திண்டாடிப்போய் நின்றவள் நீ. பாவாடைதான் கட்டுவார்கள், பாதிரியாருடைய மனைவியே அளவு பார்ப்பார் என்று நான் எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் உன்னை விட்டார். அந்தப் பாவாடை இல்லாவிட்டால் நீ கீப்பர் இல்லை, நான் கேப்டன் இல்லை. வெர்னா ஓடி வர மைதானமே இல்லை.

அந்த விதியை மாற்ற எல்லாத் தீவுகளின் சங்கமும் ஒப்ப வேண்டும். அடுத்த கூட்டம் ஆகஸ்டில். தேர்வு ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நான் எழுதிய விதியை நானே ஒருத்திக்காக மீறினால், நாளைக்கு மற்றவர்களிடம் எந்த வாயோடு பேசுவேன்? என்னால் முடியாது.

வெர்னாவின் பெயரைத் தேர்வு ஆட்டத்தில் சேர்த்துவிட்டேன். நீ பதில் கண்டுபிடித்தாய், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். அவள் பாவாடையோடுதான் ஆட வேண்டும். அந்தப் பாவாடை காற்றில் எழாமலிருக்க நீ ஏதாவது வழி பார்.

அந்தச் சுவரைப் பற்றி எழுதினாயே, நான் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

இஸ்மே


பரோலி
மார்ச் 15

இஸ்மே,

உன் விதியோடு நீயே குடித்தனம் நடத்து.

வழி பார் என்றாய், பார்த்தோம். முதலில் கஞ்சி. ஆலையிலிருந்து கூவைமாவு கொண்டுவந்து கெட்டியாகக் காய்ச்சி நனைத்துக் காயவைத்தோம். பலகை மாதிரி நின்றது. காற்றென்ன, புயல் வந்தாலும் எழாது. ஆனால் ஓடினால் சடசடவென்று சத்தம், தொடையெல்லாம் கீறல். வியர்வை பட்டதும் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டது. ஆலைப் பெண்கள் "வெர்னா, உன்னப் புழிஞ்சா நாலு பேருக்குக் கஞ்சி ஆகும்டி" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

இப்போது என் புருஷனின் வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றிப் பாவாடை ஓரத்துக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். அவன் கடலுக்குப் போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். ஊர்த் தெருவில் நடந்து காட்டினாள், ஓரம் எழவில்லை. கை இறங்குமா இறங்காதா, எனக்குத் தெரியாது.

நாளைக் கப்பலில் வருகிறாள். தனியாக. நான் வரவில்லை, சொன்னது சொன்னதுதான். அவளுக்கு உன்னைக் கண்டால் பயம். நீ அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், முறைக்காமல் இருந்தால் போதும்.

யூலலி


பிரிட்ஜ்டவுன்
மார்ச் 20

யூலலி,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் காற்று பலம். வெர்னா ஈயம் வைத்த பாவாடையோடு ஓடி வந்தாள். இடது கை பாதி வரைக்கும் ஏறியது. அந்தப் பாதிக்கே பந்து ஸ்டம்பின் பக்கத்தில் போனது. இரண்டு ஓவர். மூன்றாவது ஓவரில் குதித்து இறங்கினாள், உன் தையல் பிரிந்தது. ஈயக்குண்டுகள் பிட்ச் முழுக்க உருண்டன. அம்பயர் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, "யாரும்மா இங்க வலை வீச வந்தது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முழங்காலுக்கு மேலே பார்த்தேன். ஈயம் மோதி மோதி நீலம் பாரித்திருந்தது. சிரிப்பு வரவில்லை.

அடுத்த பந்துக்கு ஓடி வந்தபோது காற்று தூக்கியது. சுவர் மேலிருந்து ஒருத்தன் தொடங்கினான். "டேய், நம்ம கொடிடா! கொடி திரும்பி வந்திருச்சு!" கை கீழே போனது. பந்து எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. சர்ச் பெண்கள் இந்த முறை தேநீர் மேசையைப் பெவிலியனுக்குப் பின்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள், அதனால் எதுவும் உடையவில்லை. பக்கத்தில் இருந்த டிரினிடாட்டின் தேர்வாளர் மிஸ் பஸ்கால் நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு, "போதும்ல?" என்றாள்.

அந்தச் சத்தத்தை இரண்டு வருஷமாக நானும் கேட்டிருக்கிறேன், யூலலி. நீ நினைத்ததுபோல நானும் குடிகாரச் சத்தம் என்றே நினைத்தேன். அன்று முதல்முறையாக, அது யாரைப் பார்த்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குப் போனேன். மூலையில் உட்கார்ந்து பாவாடை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"பெஞ்ச் மேல ஏறு."

"மிஸ்?"

"ஏறுன்னா ஏறு. ஊசி குத்தினா கத்தாத."

என் கைப்பையில் பள்ளிக்கூடக் கத்தரிக்கோலும் ஊசி நூலும் எப்போதும் இருக்கும். முன்னும் பின்னும் நடுவில் கீழிருந்து வெட்டி, வெட்டிய ஓரங்களை ஒவ்வொரு காலையும் சுற்றிச் சேர்த்துத் தைத்தேன். மடிப்பு மேலே விழுந்ததும் நின்று பார்த்தால் பாவாடை, ஓடினால் கால்சட்டை. அவசரத் தையல், கோணல்மாணல். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இது விதிப்படி தப்பில்லையா, மிஸ்?" என்று கேட்டாள். உன் வளர்ப்பு, இந்த நேரத்தில்கூட இந்தக் கேள்வி.

மிஸ் பஸ்கால் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இஸ்மே, இது பாவாடை இல்ல."

"மடிப்பு இருக்கு, வெள்ளையா இருக்கு, முழங்காலுக்கு மேல நாலு விரல் இருக்கு. விதிய எழுதினவ நான். உள்ள தையல் எங்க போடணும்னு நான் எழுதல."

இதைச் சொல்லும்போது உன் அப்பா நினைவு வந்தது. அவர் இருந்திருந்தால் இதையும் அளந்து பார்த்து, சரி என்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

மத்தியானம். முதல் பந்துக்குப் பழக்கதோஷத்தில் கை இறங்கியது, பிடிக்க அங்கே ஓரம் எழவில்லை. இரண்டாவது பந்துக்கு இடது கை மேலே போயிற்று. நான் பார்த்தேன். அத்தனை உயரம் போகும் என்று நினைக்கவில்லை. பேட் பிடித்தவள் காலை நகர்த்துவதற்குள் நடு ஸ்டம்ப் கீப்பரிடம் போய் விழுந்தது. அதற்குப் பிறகும் வைடு போட்டாள், பொய் சொல்ல மாட்டேன். ஓவருக்கு ஒன்று எங்கேயோ போகும். மற்ற ஐந்தை யாராலும் ஆட முடியவில்லை.

ராத்திரி தேர்வுக்குழு. ஜமைக்காவின் திருமதி லின்டோ எடுக்கலாம் என்றாள். மிஸ் பஸ்கால் கூடாது என்றாள். "ஒழுங்கா போடுற பொண்ணுங்க இருக்காங்க. எதுக்கு இந்தத் தலைவலி?" என்றாள். நியாயமான கேள்விதான். ரேடியோவில் நானே கேட்டதுதான். நான் சொன்னேன்: "ஒழுங்கா போடுறவங்களக் கண்டு நான் ஒரு நாளும் பயந்ததில்ல. அவங்க நாள் பூரா ஒழுங்கா போடுவாங்க, நானும் நாள் பூரா ஒழுங்கா ஆடுவேன். பந்து எங்க போகும்னு போடுறவளுக்கே தெரியாதப்ப, பேட்டை வச்சுக்கிட்டு நிக்கிறவ கதி என்ன?"

முடிவை உனக்குச் சொல்லக்கூடாது. சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவைப் போடு.

இஸ்மே


பரோலி
மார்ச் 27

அடியே இஸ்மே,

சொல்லக்கூடாதாம், சத்தியமாம்! மூன்று நாள் எங்களை அடுப்பில் வைத்து வாட்டினாயே, நன்றாக இருப்பாய் நீ.

வெள்ளிக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. வெர்னா வர மாட்டேன் என்றாள், ஆலைப் பெண்கள் இழுத்து வந்தார்கள். அதே வரிசை, அதே ரேடியோ, அதே அறிவிப்பாளன். ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் என்று பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. பத்து ஆயிற்று. என் புருஷன் எண்ணிக்கொண்டிருந்தவன், விரலை மடக்காமல் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொட்டியை அடுக்கினேன். பிறகு அந்தப் பயல் தொண்டையைச் செருமிவிட்டு, "செயின்ட் வின்சென்ட், வெர்னா குவாஷி" என்றான்.

அதற்கு அப்புறம் அவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. கடையின் முன்பலகை பிய்ந்துவிட்டது. ரம் கடை உதவாக்கரைகள் நான்கு பேரும் அழுதார்கள். வெர்னா மட்டும் ஒரு ரொட்டி கொடுங்கள் என்றாள். அன்றைக்கு வாங்காமல் போனாளே, அதுதான். சுடச்சுட எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே பிய்த்துத் தின்றாள். கண்ணீர் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. "உப்பு சரியா இருக்காடி?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது.

சித்திக்குக் கடிதம் எழுதிவிட்டாள். இந்த வருஷம் வரவில்லை என்று.

இரண்டு நாளாக எங்கள் அணிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். அந்தத் தையல் எப்படி என்று வெர்னா கட்டியிருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். இஸ்மே, நீ மகா மோசமாகத் தைக்கிறாய்.

நன்றி என்று எழுதினால் நீ பீரோ மேல் வைத்துவிடுவாய். அதனால் எழுதவில்லை.

யூலலி


பிரிட்ஜ்டவுன்
ஏப்ரல் 7, வெள்ளி, சாயங்காலம்

யூலலி,

இதைத் தபாலில் போடவில்லை. இன்றிரவு உங்கள் ஊருக்குப் புறப்படும் கப்பலின் கேப்டனிடம் கொடுக்கிறேன். காலையில் உன் கையில் இருக்கும்.

டெஸ்டின் முதல் நாள் முடிந்தது. அணியில் ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் நேற்று நானே தைத்தேன். விரலெல்லாம் ஊசிக்குத்து. மோசமான தையல்தான், ஆனால் ஒன்றும் பிரியவில்லை.

நம் வெர்னா முதல் பந்தை லெக் பக்கம் போட்டாள். கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை, நான்கு ரன். மிஸ் பஸ்கால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். ஓவரின் கடைசிப் பந்துக்கு இடது கை வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது, ஸ்டம்ப் இரண்டு குட்டிக்கரணம் அடித்து விழுந்தது. முதல் சத்தம் அந்தச் சுவரிலிருந்துதான் வந்தது. "கொடி! கொடி! கொடி!" அவ்வளவு பேரும் எழுந்து நின்றார்கள். சல்யூட் அடித்தார்கள், இந்த முறை சிரிக்காமல். எனக்கு இன்னும் அவர்களைப் பிடிக்கவில்லை, மன்னிக்கவும் மனசில்லை. ஆனால் வெர்னா திரும்பி அந்தச் சுவரைப் பார்த்து, இடது கையை உயர்த்தி, மெதுவாக, நன்றாக எல்லோரும் பார்க்கும்படி ஆட்டினாள். அப்புறம் பந்தை வாங்கிக்கொண்டு ஓட்டத்தின் தொடக்கத்துக்கு நடந்து போனாள்.

ஆட்டம் முடிந்து வந்தவளிடம், "அவங்க கத்தினது கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ். நாளைக்கும் கத்துவாங்களா?" என்றாள்.

நாளை மழை வராவிட்டால் நாம் பேட் செய்வோம். ஞாயிறு ஓய்வு நாள். திங்கட்கிழமை காலை அவள் மறுபடி பந்து வீசுவாள், காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள். கேப்டன் திரும்பி வரும்போது கப்பலில் உனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறார். என் தீவில் கால் வைக்க மாட்டேன் என்றாய். வைக்க வேண்டாம், பெஞ்ச் மேல் ஏறி உட்கார்ந்துகொள். வரும்போது ஒரு ஈரப்பலா கொண்டு வா.

சர்ச் பெண்களிடம் பேசிவிட்டேன். தேநீர் மேசையை மறுபடி பழைய இடத்திலேயே போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கும் எனக்கும் அங்கேதான் நாற்காலி.

இஸ்மே